பம்ப் மேல் பழி போடும் முன்: டீசல் பிக்கப்பில் பிரஷர் குறைவைத் தேடிய அனுபவம்

டீசல் பிக்கப்பில் ஸ்கேனரை மாட்டி, பி0087 என்று எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண்) வந்துவிட்டால் போதும், "ஹை பிரஷர் பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. எனக்கும் அதுதான் சொல்லப்பட்டது. ஆனால் அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்று: இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) கேட்ட அழுத்தம் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் பொதுக் குழாய்) கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். டேங்க் மூடியில் தொடங்கி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் (மிச்ச டீசல் திரும்பும் குழாய்) வரை எந்த இடத்தில் கோளாறு இருந்தாலும் இதே கோடு வரலாம். அந்த வரிசையிலேயே அதிக விலையுள்ள பாகம் பம்ப். அதனால் அதைக் கடைசியில்தான் விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

என்னுடையது காமன் ரெயில் இன்ஜின் உள்ள பழைய பிக்கப். காலி வண்டியாக ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் சீராக இருக்கும், புகை கிடையாது. பின்னால் லோடு ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால்தான் சிக்கல். கொஞ்ச தூரம் நன்றாக இழுக்கும், பிறகு சட்டென்று இழுவை செத்துவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டி லிம்ப் மோடுக்கு (இன்ஜினைக் காக்க சக்தியைக் குறைத்து ஓடும் நிலை) போய்விடும். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் ஒழுங்காக ஓடும், அடுத்த ஏற்றம் வரைக்கும்.

எப்போது தகராறு செய்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். ஐடிலில் இன்ஜினுக்குத் தேவைப்படும் டீசல் மிகக் கொஞ்சம். முழு லோடில் அதுபோலப் பல மடங்கு வேண்டும். ஐடிலில் நன்றாக இருந்து லோடில் மட்டும் சாகிறது என்றால், டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பம்ப் தேய்ந்திருந்தாலோ இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிந்தாலோ அது பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் தெரியத் தொடங்கும். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் மெதுவாகத்தான் சுற்றுகிறது. பல காமன் ரெயில் வண்டிகளில் ரெயில் அழுத்தம் 150 முதல் 250 பார் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அளவைத் தொட்டால்தான் இசியூ இன்ஜெக்டரைத் திறக்கவே அனுமதிக்கும். தேய்ந்த பம்பால் அந்த வேகத்தில் அதை எட்ட முடியாது. அதிலும் இன்ஜின் சூடாக இருந்தால் டீசல் நீர்த்துப்போய் கசிவு இன்னும் கூடும். சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல், ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகும் வண்டியில் பம்பையும் இன்ஜெக்டரையும் சந்தேகப்படுவது நியாயம். என் வண்டிக்கு அந்தப் பழக்கமே இல்லை.

டீசல் போகும் பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. டேங்குக்குள் ஒரு உறிஞ்சு குழாய், அதன் அடியில் வலை. அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக இரும்பு லைன், இடையிடையே ரப்பர் ஹோஸ். அப்புறம் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு ஃபில்டர், அதன் தலையில் கை பம்ப். இதுவரை குறைந்த அழுத்தப் பக்கம். பிறகு ஹை பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள். இது உயர் அழுத்தப் பக்கம். சில வண்டிகளில் டேங்குக்குள்ளோ சேஸிஸிலோ மின்சார லிஃப்ட் பம்ப் இருந்து டீசலைத் தள்ளும். என் வண்டியில் அது கிடையாது. ஹை பிரஷர் பம்போடு சேர்ந்தே இருக்கும் சின்ன ஃபீட் பம்ப்தான் டேங்கிலிருந்து எல்லாத் தூரமும் உறிஞ்சி எடுக்கிறது. இது எந்த வகை என்று தெரியாமல் சோதனையைத் தொடங்கவே கூடாது, ஏனென்றால் ஒன்றில் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும், மற்றொன்றில் வாக்குவம் கேஜ்.

கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்களில் ஏர் எடுக்க இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பது வழக்கம். காமன் ரெயிலில் அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐடிலிலேயே 300 பார் பக்கம் இருக்கும், லோடில் 1,500 பாரையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் நூல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும், பெரிய வலியும் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் தோலுக்குள் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேடும்போது கையால் தடவாமல் நீளமான அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். உயர் அழுத்தப் பக்கத்தைக் கழற்றுவதானால் இன்ஜினை அணைத்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான்.

சரி, சோதனைக்கு வருவோம். லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு எண்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும்: இசியூ கேட்கும் ரெயில் அழுத்தம், உண்மையில் இருக்கும் ரெயில் அழுத்தம். கூடவே பம்பின் மீட்டரிங் வால்வுக்கு (பம்ப் அழுத்த வேண்டிய டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) இசியூ கொடுக்கும் கட்டளையும் தெரிந்தால் இன்னும் நல்லது. என் வண்டியில் ஐடிலில் கேட்டது 300 பார், கிடைத்தது ஏறக்குறைய அதே. சமதரையில் 600, 700 என்று கேட்டபோதும் கூடவே ஏறியது. லோடோடு ஏற்றத்தில் மிதித்தபோது கேட்பது 1,500க்குப் போனது, கிடைப்பதோ 1,000 பக்கத்திலேயே நின்று, பிறகு கீழே சரியவும் தொடங்கியது. இசியூ மீட்டரிங் வால்வை முழுதாகத் திறந்துவிடச் சொல்லியும் பலன் இல்லை. வண்டியை ஓட்டுபவர் ஒருவர், ஸ்கேனரைப் பார்ப்பவர் இன்னொருவர் என்று போக வேண்டும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்க வேண்டாம், பதிவு செய்து வைத்துக்கொண்டு பிறகு நிதானமாகப் பாருங்கள்.

அந்தச் சரிவு முக்கியமான தடயம். மிதித்தவுடன் 1,000ஐத் தொட முடிகிறது, சில நொடி தாக்குப்பிடிக்கிறது, பிறகு விழுகிறது. ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கியிருந்த டீசல் இருக்கும்வரை பம்ப் வேலை செய்திருக்கிறது, அது தீர்ந்தபின் பின்னாலிருந்து வரவில்லை என்று நான் படித்துக்கொண்டேன்.

அதற்கும் முன்னால், ரெயில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இது எளிதான சோதனை, ஆனாலும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வண்டி ஓய்வாக நின்ற பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் ரெயில் அழுத்தம் பூஜ்யத்தையோ அதை ஒட்டியோ காட்ட வேண்டும். பெரும்பாலான சென்சார்களில் அப்போது சிக்னல் வயரில் 0.5 வோல்ட் அளவு இருக்கும், ஊட்டம் 5 வோல்ட். அழுத்தமே இல்லாதபோது 60, 70 பார் என்று காட்டும் சென்சார் எல்லா நேரமும் கூட்டித்தான் சொல்லும். இசியூ அதை நம்பி உண்மையான அழுத்தத்தைக் குறைத்துவிடும். கேட்டதும் கிடைத்ததும் திரையில் பொருந்தியே இருக்கும், கோடு எதுவும் வராது, வண்டி மட்டும் இழுக்காது. என் சென்சார் பூஜ்யத்தைக் காட்டியதால் அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது வாக்குவம் கேஜ். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு, நீளமான ஹோஸில் கேஜைக் கேபின் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்து கட்டினேன். இந்தச் சோதனையின் தர்க்கம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஒரே கேஜ் இரண்டு எதிரெதிர்க் கோளாறுகளைப் பிரித்துக் காட்டிவிடும். பாதையில் அடைப்பு இருந்தால் பம்ப் உறிஞ்ச உறிஞ்ச வாக்குவம் ஏறும். ஸ்ட்ராவின் நுனியை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சுவது போலத்தான். பாதையில் எங்காவது காற்று புகுந்தால் வாக்குவம் ஏறவே ஏறாது, ஆனால் பம்புக்கு டீசலுக்குப் பதில் நுரைதான் போய்ச் சேரும். வாக்குவமும் குறைவு, காற்றும் வரவில்லை, அப்போதும் ரெயில் அழுத்தம் எழவில்லை என்றால் தாராளமாக உயர் அழுத்தப் பக்கம் போகலாம்.

ஐடிலில் முள் 2 அங்குல பாதரச அளவில் அசையாமல் நின்றது. நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் 5, 6 அங்குலம். லோடோடு ஏற்றத்தில் மிதித்ததும் 10ஐத் தாண்டி 15ஐ நெருங்கியது, இழுவை செத்ததும் அதே நேரத்தில்தான். முழு வெற்றிடமே 30 அங்குல பாதரசம் என்னும்போது 15 என்பது பம்பின் கழுத்தைப் பிடித்த கதை. எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் பாருங்கள். சுத்தமான ஃபில்டர் போட்ட வண்டியில் ஒற்றை இலக்கத்தின் கீழ்ப்பாதியைத் தாண்டினாலே நான் தேடத் தொடங்கிவிடுவேன்.

அடுத்து அதே டீ ஜாயின்ட்டை ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் போட்டேன். எண் ஏறக்குறைய மாறவில்லை. ஃபில்டரில் அடைப்பு இருந்திருந்தால் முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் காட்டியிருக்கும். ஆக, அடைப்பு ஃபில்டருக்கும் டேங்குக்கும் நடுவில். டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள்ளேயே வெற்றிடம் உண்டாகி இதே அறிகுறி வரும், மூடியைத் திறக்கும்போது உஸ் என்று சத்தம் கேட்கும். கடைசியாக, சுத்தமான டீசல் நிரப்பிய கேனை வண்டிக்கு வெளியே பாதுகாப்பாக வைத்து, சின்ன ஹோஸ் வழியாக ஃபில்டருக்கு நேராகக் கொடுத்து நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினேன். முள் ஒரு அங்குலத்தைத் தாண்டவில்லை. பம்புக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பது அந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது.

இதற்குள் வண்டியைப் பார்த்திருந்த ஒர்க்‌ஷாப்பில், லைனில் கம்ப்ரெஸ்ஸர் காற்று அடித்துப் பார்த்து அது கிளியர் என்று சொல்லியிருந்தார்கள். ஃபில்டர் பக்கத்திலிருந்து டேங்கை நோக்கிக் காற்று அடித்தபோது தாராளமாகப் போனது, டேங்குக்குள் குமிழ் சத்தம் கேட்டது. அவர்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் டீசல் ஓடுவது எதிர்த் திசையில். லைனைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்ததில், டேங்க் மேலிருந்து இரும்பு லைனுக்கு வரும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ் மாட்டியது. வெளியில் வெடிப்பு இல்லை, கிளாம்ப் இடத்தில் கூட நசுங்கல் இல்லை. கத்தியால் நீளவாக்கில் கீறி விரித்தபோதுதான் தெரிந்தது: உள் அடுக்கு ரப்பர் வெளி அடுக்கிலிருந்து பெயர்ந்து, ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் நாக்குப் போலத் தொங்கியது. டீசல் ஊறி ஊறி மெத்தென்று உப்பியிருந்தது. டேங்கை நோக்கி ஊதினால் சுவரோடு படுத்துக்கொண்டு வழி விடுகிறது. இன்ஜின் பக்கம் உறிஞ்சினால் எழுந்து வந்து வாயை அடைக்கிறது. மெதுவாக உறிஞ்சினால் பாதி, வேகமாக உறிஞ்சினால் முழுசு. என் வண்டியின் நடத்தை முழுக்க அந்த ஒரு நாக்கில் இருந்தது. லைனைச் சோதிக்கும்போது டீசல் போகும் திசையிலேயே, உறிஞ்சித்தான் சோதிக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் கேட்பவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

குமிழ் பற்றி ஒரு வார்த்தை. பம்புக்கு முன்னால் ஒளி ஊடுருவும் ஹோஸ் துண்டு போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் குமிழ் தெரிந்தவுடன் ஓட்டை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வாக்குவம் அதிகமாகும்போது டீசலில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து குமிழாகத் தெரியும். என் வண்டியிலும் தெரிந்தது, ஓட்டை எங்கும் இல்லை. கேஜையும் குமிழையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உண்மையிலேயே காற்று புகும் வண்டிக்கு வேறு அடையாளம் உண்டு: இரவு முழுக்க நின்றால் டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டு, காலையில் நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். கை பம்பை இறுகும்வரை அமுக்கிவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். டேங்க் பின்னால் இருக்கும் வண்டியை முன்பக்கம் தாழ்வாக இருக்கும்படி சரிவில் நிறுத்திவைத்தால் காலையில் அடம்பிடிக்காது. இந்த மூன்றும் பொருந்தினால் ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம், தண்ணீர் வடிக்கும் திருகு, கை பம்ப், ஒவ்வொரு கிளாம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்து ஓட்டையில் டீசல் வெளியே சொட்டாமல் காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரத்தைத் தேடினால் கிடைக்காது.

லிஃப்ட் பம்ப் இருக்கும் வண்டிக்காரர்கள் இதையெல்லாம் வாக்குவத்துக்குப் பதில் பிரஷரில் படிக்க வேண்டும், எண்களும் வேறு. 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டு 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினில் லோடிலும் 45 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கீழே போகக் கூடாது என்பார்கள், போனால் இன்ஜெக்டர் அடிவாங்கும். 1998 நடுவிலிருந்து 2002 வரையான டாட்ஜ் ராமின் கம்மின்ஸ் இன்ஜினில் இருக்கும் விபி44 பம்புக்கு ஐடிலில் 10 பிஎஸ்ஐக்கு மேலும், முழு லோடில் 5க்குக் குறையாமலும் வேண்டும். குறைந்தால் அந்த பம்புக்குக் குளிர்ச்சியும் மசகும் கிடைக்காது, ஏனென்றால் இரண்டையும் கொடுப்பது டீசல்தான். லிஃப்ட் பம்ப் சத்தம் கேட்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கனெக்டரில் வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரி முனையில் இருப்பதைவிடக் கணிசமாகக் குறைந்தால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம், ரிலே தீய்ந்திருக்கலாம். பிரஷர் இருந்து அளவு குறைவதும் உண்டு என்பதால், ஒரு பாட்டிலில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிடித்துக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

குறைந்த அழுத்தப் பக்கம் சுத்தம் என்று நிரூபணமானால் மட்டும் மேலே போங்கள். அங்கேயும் பம்ப் முதல் ஆள் இல்லை. இன்ஜெக்டர்களின் ரிட்டர்னை ஒரே அளவு பாட்டில்களில் தனித்தனியாகப் பிடித்தால், உள்ளே கசியும் இன்ஜெக்டரின் பாட்டில் மற்றவற்றை முந்திக்கொண்டு நிரம்பும். ரெயிலின் முனையில் பிரஷர் லிமிட்டர் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் மட்டும் திறப்பது) இருந்தால், அதன் ரிட்டர்னில் சாதாரண ஓட்டத்தில் டீசலே வரக் கூடாது. ஐடிலிங் மேலும் கீழும் ஆடினால் மீட்டரிங் வால்வு சிக்கிக்கொண்டிருக்கலாம், அது பல பம்புகளில் தனியாகவே கிடைக்கும். அந்த வால்வைக் கழற்றும்போது வெளிச்சத்தில் அதையும் பம்பில் அது உட்காரும் துளையையும் நன்றாகப் பாருங்கள். வெள்ளியைப் பொடித்தது போல மினுக்கினால் பம்ப் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது பம்பை மட்டும் மாற்றிப் பலனில்லை. பொடி ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போயிருக்கும்.

என் வண்டிக்கு டீசலுக்கென்றே செய்த ஹோஸை வாங்கிப் போட்டேன், அதே வயதுடைய மற்ற ரப்பர் துண்டுகளையும் சேர்த்தே மாற்றினேன். டேங்கை இறக்கியிருந்ததால் வலையையும் பார்த்தேன். அதன் ஒரு மூலையில் கறுப்பாக, கையில் வழுக்கும் பாசி போன்ற படலம். டேங்கின் அடியில் தண்ணீர் தங்கினால் டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து இப்படிப் படியும். டேங்க் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு அசையாமல் வைத்தபோது அடியில் தண்ணீர்க் கோடு தெளிவாகப் பிரிந்து நின்றது. டேங்கைக் கழுவிக் காயவைத்துத்தான் ஏற்றினேன். புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்தும் பழக்கம் காமன் ரெயிலுக்கு ஆகாது. சுத்தமான பக்கத்துக்குள் விழும் ஒரு தூசி நேராக பம்புக்குப் போய்விடும். காலியாகவே பொருத்தி, கை பம்பில்தான் ஏற்ற வேண்டும்.

அதே லோடு, அதே ஏற்றம். கேஜ் 4ஐத் தாண்டவில்லை, ரெயிலில் கேட்ட 1,500ம் கிடைத்த 1,500ம் ஒன்றாகவே ஏறின. டேங்கைக் கழுவினாலும் லைன் சுவரில் ஒட்டியிருந்த படலம் கொஞ்ச நாளைக்கு உதிர்ந்து வரும் என்பதால், அடுத்த ஃபில்டரை வழக்கமான இடைவெளியின் பாதியிலேயே கழற்றி, ரம்பத்தால் அறுக்காமல் கட்டரால் வெட்டி, காகித மடிப்புகளை விரித்துப் பார்த்தேன். ரம்பத்தால் அறுத்தால் அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து, பம்பின் பொடியோ என்று குழப்பிவிடும். மடிப்புகளில் கறுப்புக் கறை கொஞ்சம் இருந்தது, மினுக்கம் எதுவும் இல்லை. கேபினுக்கு இழுத்த கேஜை எடுத்துவிட்டேன், டீ ஜாயின்ட்டை மட்டும் மூடி போட்டு அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன்.